ஆலோசனை எழுதாமல் போனவர்கள்

நீங்கள் கேட்டிருப்பது மேலோட்டமாகப் பார்த்தால் வரிசைப்படுத்தச் சொல்லும் கேள்வி. மூன்று வருடமாக நடத்திவரும் புரோகிராமர்களுக்கான கேள்வி-பதில் தளத்தை மேம்படுத்த ஆலோசனை சொல்லுங்கள் என்று உறுப்பினர்களிடம் கேட்டீர்கள்; இருநூறுக்கு மேல் வந்து குவிந்துவிட்டன. டார்க் மோட் வேண்டும், அரட்டை அறை வேண்டும், பேட்ஜ் என்ற பாராட்டுச் சின்னம் வேண்டும், மைனஸ் ஓட்டை எடுத்துவிட வேண்டும், செயற்கை நுண்ணறிவை வைத்து உடனுக்குடன் பதில் தர வேண்டும், தளத்தையே வேறு மென்பொருளுக்கு மாற்ற வேண்டும். இதில் எதை முதலில் எடுப்பது என்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், போகிற போக்கில், வேறொன்றும் சொல்லியிருக்கிறீர்கள்: புதிதாகச் சேருகிறவர்கள் குறையவில்லை, ஆனால் முதல் கேள்வி கேட்டவர்கள் இரண்டாவது கேள்விக்குத் திரும்பி வருவதில்லை. நீங்கள் உண்மையில் கேட்க வந்தது இதைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். அந்த இருநூறு ஆலோசனைகளில் ஒன்றுகூட இதைப் பற்றி இல்லை, கவனித்தீர்களா?

இருக்கவும் முடியாது. ஆலோசனை எழுதுகிறவர்கள் தளத்தில் தங்கிவிட்டவர்கள். அவர்களுக்குத் தளம் ஏற்கனவே பிடித்திருக்கிறது. இன்னும் கொஞ்சம் வசதி கேட்கிறார்கள். பிடிக்காமல் போனவர் உட்கார்ந்து கடிதம் எழுதிக்கொண்டிருக்க மாட்டார், டேபை மூடிவிட்டுப் போய்விடுவார். இணையதளப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2006-இல் எழுதிய 90-9-1 என்ற கணக்கைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள்: நூறு பேரில் தொண்ணூறு பேர் வாசிக்க மட்டும் செய்வார்கள், ஒன்பது பேர் எப்போதாவது எழுதுவார்கள், ஒருவர்தான் பெரும்பாலானதை எழுதுவார். எண்கள் தளத்துக்குத் தளம் மாறும், பாங்கு மாறாது. உங்கள் ஆலோசனைப் பெட்டியில் விழுந்தது அந்த ஒருவரின் குரலும், ஒன்பதில் சிலரின் குரலும். அது பொய்க் குரல் இல்லை, ஆனால் ஒரு பக்கத்துக் குரல்.

இது எனக்குப் புரிந்த விதத்தைச் சொல்கிறேன். இதுபோன்ற ஒரு தளத்தில் ஏழு வருடம் மாடரேட்டராக இருந்தேன். அதில் நான்கு வருடம் அதன் நிரலையும் (கோட்) நானே பார்த்துக்கொண்டேன். நடுத்தர அளவுத் தளம், ஒரு நாளைக்கு நூறு கேள்வி வந்தால் பெரிது. (ஆகவே பிரம்மாண்டமான தளங்களைப் பற்றி இங்கே நான் சொல்வதெல்லாம் வெளியிலிருந்து பார்த்தது, அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.) ஒருநாள் வேறு ஏதோ பிழையைத் தேடி சர்வரின் பதிவேடான லாகைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, கேள்வி அனுப்பும் பக்கத்தில் 403, அதாவது ‘அனுமதி இல்லை’ என்ற பதில் வரிசையாக விழுந்திருப்பதைப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் பக்கத்தைத் திறந்த நேரத்துக்கும் பொத்தானை அழுத்திய நேரத்துக்கும் அரைமணிக்கு மேல் இடைவெளி. விஷயம் இதுதான்: போலிக் கோரிக்கைகளைத் தடுக்க படிவத்தில் வைத்திருந்த டோக்கன் என்ற ரகசியக் குறியீடு முப்பது நிமிடத்தில் காலாவதியாகிவிடும். வேகமாக நாலு வரி எழுதி அனுப்புகிறவருக்கு ஒன்றும் ஆகாது. பொறுமையாக உட்கார்ந்து, பிழைச் செய்தியை ஒட்டி, கோடைச் சுருக்கி, நாற்பது நிமிடம் செலவழித்து நல்ல கேள்வி எழுதியவருக்கு மட்டும் ஒரு வெள்ளைப் பக்கம். பின்னால் போனால் படிவம் காலி. நல்ல கேள்வி கேட்கிறவர்களை மட்டும் பார்த்துப் பார்த்து வடிகட்டி வெளியே தள்ளும் இயந்திரத்தை எங்களை அறியாமலேயே செய்து வைத்திருந்தோம். எத்தனை மாதமாக நடந்ததோ, ஒரு புகார்கூட வந்ததில்லை. அதே மாதம் பேட்ஜ் கேட்டு பதினோரு பேர் எழுதியிருந்தார்கள்.

அதனால் முதல் வேலையாக, ஆலோசனைகளை ஒரு பக்கம் வைத்துவிட்டு, கடைசியாகச் சேர்ந்த ஐம்பது பேரின் முதல் கேள்வியை எடுத்து ஒவ்வொன்றாக வாசியுங்கள். புள்ளிவிவரமாக இல்லை, கதையாக. எப்போது கேட்டார், முதல் எதிர்வினை என்ன, எத்தனை நிமிடத்தில், யார் சொன்னது, அதன் பிறகு அவர் என்ன செய்தார். ஒன்றிரண்டு மணி நேர வேலை. நான் இப்படிச் செய்தபோது கண்ணில் பட்ட ஒன்று இன்னும் நினைவில் இருக்கிறது. ஒருவர் தன் நிரலில் ஒரு லூப் ஒரு முறை கூடுதலாக ஓடுகிறது என்று கேட்டிருந்தார். இரண்டாவது நிமிடத்தில் ஒரு கமென்ட்: ‘என்ன முயற்சி செய்தீர்கள்?’ மூன்றாவது நிமிடத்தில் இன்னொன்று: ‘கோட் எங்கே?’ அவர் கோடைச் சேர்த்துக்கொண்டிருக்கும்போதே ஐந்தாவது நிமிடத்தில் கேள்வி மூடப்பட்டது. ஏழாவது நிமிடத்தில் கோடோடு திருத்தம் வந்தது. லூப் நிபந்தனையில் சிறியது என்ற குறிக்குப் பதிலாக ‘சிறியது அல்லது சமம்’ என்று போட்டிருந்தார், பார்த்தவுடன் தெரிகிற பிழை. ஆனால் மூடிய கேள்விக்கு யாரும் பதில் எழுத முடியாது. கமென்ட் போட்ட இருவரும் தப்பான ஆட்கள் இல்லை. இருவருமே வருடக்கணக்கில் இலவசமாகப் பிறருக்கு உதவியவர்கள். எங்கள் தளத்தின் அமைப்புதான் அவர்களை வாயில்காப்போன் வேலைக்குத் தள்ளியிருந்தது.

இந்தச் சிக்கல் புதிதில்லை, பெரிய தளங்களும் இதில்தான் மாட்டிக்கொண்டன. புரோகிராமர்களின் பெரிய கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவை ஜெஃப் அட்வுட்டும் ஜோயல் ஸ்போல்ஸ்கியும் 2008-இல் தொடங்கினார்கள். பத்து வருடம் கழித்து, 2018 ஏப்ரலில், அந்நிறுவனமே தன் பக்கத்தில், எங்கள் தளம் புதியவர்களை வரவேற்கும்படி இல்லை, இது மாற வேண்டும் என்று வெளிப்படையாக எழுதியது. அங்கே பிறருடைய பதிவில் கமென்ட் போடவே, மற்றவர்களின் ஓட்டால் சேரும் புள்ளி 50 வேண்டும். ஆகவே புதிதாக வந்தவர் வேறொருவரின் பதிலில் ஒரு சந்தேகம் கேட்க நினைத்தால் முடியாது, அதைத் தனிப் பதிலாகப் போட்டுத் திட்டு வாங்குவார். பிறகு 2024-இல் புதியவர்களின் கேள்வி பொதுவில் வருவதற்கு முன் அனுபவசாலிகள் பார்த்துத் திருத்தம் சொல்வதற்கென்று தனி முன்னறை ஒன்றைத் திறந்தார்கள். இந்த யோசனை எனக்குப் பிடித்தமானது. சிறிய தளத்துக்கு அவ்வளவு ஏற்பாடு வேண்டாம். முதல் கேள்வியை ஒரு மணி நேரத்துக்கு யாரும் மூட முடியாது, மைனஸ் ஓட்டும் போட முடியாது என்ற ஒரே விதி போதும். நாங்கள் அதைத்தான் செய்தோம், திருத்தி வந்த கேள்விகள் கண்ணுக்குத் தெரிந்து கூடின. உங்கள் தளத்திலும் அப்படியே நடக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் செலவில்லாத சோதனை, பிடிக்கவில்லை என்றால் ஒரு வரியில் திரும்பப் பெறலாம்.

சரி, புதியவர்களுக்காக மட்டும் தளத்தை வளைத்தால் இன்னொரு பக்கம் ஒடியும். பதில் சொல்கிறவர்கள்தான் இத்தகைய தளத்தின் மூலதனம். அவர்கள் சம்பளம் வாங்குவதில்லை. சுவாரசியமான கேள்விக்காக வருகிறார்கள். ஒரே கேள்வியை நாற்பதாவது முறை பார்க்கும்போது அவர்களுக்குச் சலிப்பு வருவதில் நியாயம் இருக்கிறது. யூஸ்நெட் என்ற பழைய விவாதக் குழுக்களின் காலத்திலேயே சி மொழிக் குழுவில் இதே தலைவலிதான். அதற்காகவே ஸ்டீவ் சம்மிட் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளைத் தொகுத்து மாதாமாதம் குழுவில் போட்டுவந்தார். ஆகவே திரும்ப வரும் கேள்விகளைக் கையாளத்தான் வேண்டும், ஆனால் சொல்லும் விதம் முக்கியம். ‘மூடப்பட்டது, நகல்’ என்ற சிவப்புப் பட்டை கேட்டவருக்கு அறை விழுந்த மாதிரி. ‘இதே சிக்கலுக்கு இங்கே பதில் இருக்கிறது, உங்களுக்குப் பொருந்துகிறதா?’ என்று கேட்டு, ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான் வையுங்கள். உள்ளே நடப்பது அதே வேலைதான். இல்லை என்று அழுத்துகிறவரிடம் எங்கே வேறுபடுகிறது என்று ஒரு வரி கேளுங்கள். அந்த ஒரு வரியில்தான் அடிக்கடி உண்மையான கேள்வியே வெளிவரும்.

நகல் கேள்விகள் பெருகுவதற்குப் பாதிக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை, தேடல். உங்கள் தளத்தின் தேடல் பெட்டியில் சி++ என்றும், அப்புறம் சி# என்றும் தேடிப் பாருங்கள். இரண்டுக்கும் ஒரே முடிவு வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். வழக்கமான தேடல் மென்பொருள்கள் சொல்லைத் துண்டாக்கும்போது + குறியையும் # குறியையும் உதறிவிடுகின்றன. மிஞ்சுவது சி என்ற ஓரெழுத்து. இன்னொரு வேடிக்கை: ஆங்கிலத் தேடலுக்கென வரும் தள்ளுபடிச் சொற்களின் (தேடும்போது கணக்கில் எடுக்காமல் விடும் சொற்கள்) பட்டியலில் இஃப், ஃபார், நாட், இன், இஸ் எல்லாம் இருக்கும். சமையல் குறிப்புத் தளத்துக்கு அது சரி. புரோகிராமருக்கு அவைதான் முக்கியச் சொற்கள். பைத்தானில் இஸ்ஸுக்கும் == குறிக்கும் என்ன வேறுபாடு என்று தேடுகிறவரின் கேள்வியில் உயிரான இரண்டையும் தேடல் தின்றுவிட்டு, ‘பைத்தான் வேறுபாடு’ என்பதற்கு முடிவு காட்டும். தள்ளுபடிப் பட்டியலைக் காலி செய்வதும், குறிகளைச் சொல்லின் பகுதியாக ஏற்கும்படி துண்டாக்கியை மாற்றுவதும் இரண்டு நாள் வேலை. பிழைச் செய்தியை அப்படியே ஒட்டித் தேடினால் கிடைக்க வேண்டும். அதில் வரும் கோப்புப் பாதையையும் வரி எண்ணையும் தேடுவதற்கு முன் நீக்கிவிட்டால் முடிவு இன்னும் தெளியும். இருநூறு ஆலோசனையில் தேடலைப் பற்றி இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலும் இருக்காது, ஏனென்றால் பழையவர்கள் வெளித் தேடுபொறி வழியாக வருவதற்குப் பழகிவிட்டிருப்பார்கள்.

அதை ஒட்டி இன்னொன்று, யாரும் கேட்காததும் ஆபத்தானதும்: பழைய பதில்கள். நிரலாக்கத்தில் பதிலுக்கும் ஆயுள் உண்டு. பிஎச்பி மொழியில் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தோடு பேசும் பழைய செயற்கூறுகள் 2015 இறுதியில் வந்த ஏழாம் பதிப்பில் அடியோடு நீக்கப்பட்டன. பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-இல் முடிந்தது. ஆனால் அவற்றை வைத்து எழுதிய பதில்கள் பத்து வருட ஓட்டுகளைச் சேர்த்துக்கொண்டு உச்சியில் உட்கார்ந்திருக்கும். வெறுமனே ஓடாத பதில் என்றால் தொலைகிறது. பயனர் தட்டியதை அப்படியே தரவுத்தளத்துக்குப் போகும் க்வெரியில் ஒட்டச் சொல்லும் பதிலும், பாஸ்வேர்டை எம்டி5 என்ற பலவீனமான பழைய முறையால் மறைத்தால் போதும் என்னும் பதிலும் இன்றைக்கும் ஓடும். ஓடுவதுதான் அதில் உள்ள கேடு. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2021-இல், கேட்டவர் ஏற்றுக்கொண்ட பதிலை எப்போதும் மேலே நிறுத்திவைக்கும் வழக்கத்தை விட்டது. கேள்வி கேட்டவருக்கு அன்று உதவியதும் இன்று வாசிக்கிறவருக்கு உதவுவதும் ஒன்றில்லை என்பதை ஒருவழியாக ஒப்புக்கொண்டதாக அதை நான் பார்க்கிறேன். நீங்கள் பதில்களில் ‘எந்தப் பதிப்புக்கு’ என்று ஒரு சிறு பெட்டி வையுங்கள்; ‘இது காலாவதி’ என்று சொல்ல ஒரு பொத்தான் வையுங்கள். மூன்று பேர் அழுத்தினால் மேலே ஒரு மஞ்சள் வரி தோன்றட்டும். பதிலை அழிக்க வேண்டாம். பழைய கோடைப் பராமரிக்கிற பாவப்பட்டவர்களுக்கு அது தேவைப்படும், நானும் அவர்களில் ஒருவன்.

இப்போது உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். டார்க் மோடைச் செய்துவிடுங்கள், விவாதிக்க ஒன்றுமில்லை; எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5-க்கு 1 என்ற ஒளி வேறுபாட்டு விகிதம் குறையாமல் பாருங்கள், குறிப்பாக கோடில் விளக்கக் குறிப்பாக எழுதும் கமென்ட் வரிகளுக்குப் போடும் அந்த மங்கிய சாம்பலில்தான் எல்லோரும் சறுக்குவார்கள். அரட்டை அறை வேண்டாம் என்பேன். அங்கே நல்ல பதில்கள் பிறக்கும், அன்று மாலையே புதைந்துவிடும். தேடி எடுக்க முடியாது. உங்களிடம் பதில் சொல்ல முப்பது பேர் இருந்தால் அதில் பத்துப் பேர் அரட்டைக்குப் போய்விடுவார்கள். கட்டாயம் வேண்டும் என்று அடம்பிடித்தால், அரட்டையில் தீர்ந்ததைக் கேள்வி-பதிலாக மாற்றிப் பதிவிட ஒரு வழியோடு கொடுங்கள்.

பேட்ஜ் விஷயத்தில் எனக்குக் கசப்பான அனுபவம் உண்டு. பத்துத் திருத்தம் செய்தால் ஒரு பேட்ஜ் என்று ஒருமுறை அறிவித்தோம். அடுத்த வாரமே பழைய பதில்களில் ஒரு காற்புள்ளியைச் சேர்ப்பது, மறுநாள் இன்னொருவர் அதை எடுப்பது என்று திருத்தங்கள் மழையாகக் கொட்டின. ஒவ்வொரு திருத்தத்துக்கும் பழைய கேள்வி முதல் பக்கத்துக்கு ஏறிவந்தது. உண்மையான புதுக் கேள்விகள் கீழே போய்விட்டன. எதற்குப் பரிசு கொடுக்கிறோமோ அது பெருகும். தரம் கூடும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. புள்ளியின் அளவேகூட எளிதில் முடிவு செய்யக்கூடியதில்லை: ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் கேள்விக்கு விழும் ஓட்டின் மதிப்பை 2010-இல் பத்திலிருந்து ஐந்தாகக் குறைத்தார்கள், 2019-இல் திரும்பவும் பத்தாக்கினார்கள். பேட்ஜ் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், மற்றவர் உறுதி செய்கிற செயலுக்குக் கொடுங்கள்: பூஜ்யம் பதிலோடு ஒரு வாரம் கிடந்த கேள்விக்குப் பதில் சொல்லி, அதைக் கேட்டவர் ஏற்றுக்கொண்டால் ஒன்று. அதை ஏமாற்றி வாங்குவது கொஞ்சம் கடினம்.

மைனஸ் ஓட்டை எடுக்க வேண்டாம். தவறான பதிலைத் தவறு என்று சொல்ல வழியில்லாத தொழில்நுட்பத் தளம், எல்லா மாத்திரையையும் ஒரே டப்பாவில் கொட்டிவைத்த மருந்துக்கடை. ஆனால் போடுகிறவருக்கும் ஒரு சிறு செலவு இருக்கட்டும். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் பதிலுக்கு மைனஸ் போட்டால் போட்டவருக்கும் ஒரு புள்ளி குறையும், பெற்றவருக்கு இரண்டு. கூடவே பதில்களை வரிசைப்படுத்தும்போது ஓட்டுகளைக் கூட்டிக் கழித்துப் பார்ப்பதை விட்டு, வில்சன் இடைவெளி என்ற புள்ளியியல் முறையில் கீழ் எல்லையை, அதாவது நல்ல ஓட்டின் விகிதம் குறைந்தது எவ்வளவு இருக்கும் என்ற மதிப்பீட்டை, எடுத்துக்கொள்ளுங்கள். ரெடிட் என்ற விவாதத் தளம் 2009-இல் கமென்ட்களை வரிசைப்படுத்த இதைத்தான் கொண்டுவந்தது. நேற்று வந்து ஐந்துக்கு ஐந்து நல்ல ஓட்டு வாங்கிய பதில், ஐந்து வருடமாக அறுபது நல்லதும் நாற்பது மோசமும் வாங்கிய பதிலைவிடக் கீழே போகக் கூடாது. கூட்டிக் கழித்தால் போகும், இந்த முறையில் போகாது.

செயற்கை நுண்ணறிவு பற்றி இதுவரை சொன்ன அளவுக்கு உறுதியாகப் பேச மாட்டேன். உறுதியானது இவ்வளவு: ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2022 டிசம்பரில் சாட்ஜிபிடி எழுதிய பதில்களைத் தடை செய்தபோது சொன்ன காரணம், அவை பார்க்கச் சரியாகவும் உள்ளே அடிக்கடி தவறாகவும் இருந்தன, எழுதுவது மிக எளிது, சரிபார்க்க விஷயம் தெரிந்தவர் கவனமாக வாசிக்க வேண்டும் என்பதுதான். அந்தச் சமனின்மை பதில் சொல்கிறவர்களின் நேரத்தைத்தான் தின்னும். இப்போது கருவிகள் மேம்பட்டிருக்கின்றன, எளிய கேள்விகள் பலவற்றுக்கு மக்கள் அங்கேயே போய்விடுகிறார்கள், ஆகவே உங்கள் தளத்துக்கு வருவது இன்னும் கடினமான கேள்விகளாக இருக்கலாம். இது என் ஊகம். அப்படியானால் இயந்திரப் பதிலைத் தளத்தில் கொட்டுவதைவிட, கேள்வி எழுதும் பக்கத்தில் அதை உட்கார வைப்பது நல்லது: பிழைச் செய்தி விட்டுப்போயிருக்கிறது, பதிப்பு எண் இல்லை, இந்த எழுபது வரியில் பன்னிரண்டு வரி போதும் என்று, மனிதர் சொன்னால் குத்தலாகப் படுவதை அது சலிக்காமல் சொல்லும். உறுப்பினர்களின் பதில்களை வெளி நிறுவனங்களுக்குப் பயிற்சிக்குக் கொடுக்கும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 2024-இல் ஓப்பன்ஏஐயோடு உடன்பாடு அறிவிக்கப்பட்டதும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் சிலர் தங்கள் பதில்களையே அழிக்கப் பார்த்தார்கள்.

ஆலோசனை தந்த இருநூறு பேருக்கும் பதில் சொல்லுங்கள், தனித்தனியாக முடியாவிட்டால் வகை வகையாக. செய்கிறோம், பிறகு பார்க்கிறோம், செய்யப் போவதில்லை என்று மூன்றே நிலை போதும். ‘செய்யப் போவதில்லை’ என்பதற்குக் காரணம் கட்டாயம். ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற நான்காவது நிலையை மட்டும் திறக்காதீர்கள். நாங்கள் திறந்தோம், ஒரே வருடத்தில் தொண்ணூறு ஆலோசனை அதற்குள் போய்ப் படுத்துக்கொண்டது. காரணத்தோடு மறுத்தபோது கோபப்பட்டவர்கள்கூட அடுத்த முறையும் எழுதினார்கள். யாருடைய ஆலோசனையைப் பரிசீலனையில் போட்டோமோ அவர்கள் எழுதவில்லை.

கடைசியாக, புது மென்பொருளுக்கு மாறுவது. மேலே சொன்ன எதுவும் அதனால் தீராது என்பதால் இப்போதைக்கு வேண்டாம் என்பது என் பக்கம். டோக்கனும் தேடலும் மூடும் விதியும் எந்த மென்பொருளிலும் உங்கள் கையில்தான். என்றாவது மாறினால், பழைய முகவரி ஒவ்வொன்றும் புது முகவரிக்கு 301 என்ற நிரந்தர வழிமாற்றத்தோடு போகிறதா என்று மாறுவதற்கு முன்பே ஸ்கிரிப்ட் எழுதிச் சரிபாருங்கள். கேள்வி எண்கள் மாறாமல் இருந்தால் இன்னும் நல்லது. எங்கோ ஒரு பழைய கோட்பேஸில், யாரோ எழுதிய கமென்ட் வரியில், ‘ஏன் இப்படிச் செய்தோம் என்பதற்கு இங்கே பார்க்கவும்’ என்று உங்கள் தளத்தின் சுட்டி இருக்கும்.